மேட்டில் ஏறாத அளவு

— முப்பது, நாப்பது, அம்பது மில்லி இறக்கம். மூணு கார் ஸ்பிரிங்கும் மேசை மேல இருக்கு சகலை. ஸ்கேன் ரிப்போர்ட் பாக்கற மாதிரி தள்ளி நின்னு பாக்காதே. கையில எடு. கடிக்காது.

— பாத்துக்கிட்டுதான் இருக்கேண்ணே.

— நான் டீ குடிச்சு, ஒரு வண்டிக்கு ஆயில் மாத்தி, கையும் கழுவிட்டு வந்துட்டேன். இன்னும் பாத்துக்கிட்டே நிக்கறே. அதுங்க ஏற்கெனவே சுருண்டு கிடக்குதுங்க. உன் பார்வை பட்டு இன்னும் சுருங்கிடப் போகுது.

— இதுல எது ரொம்ப இறங்கும்?

— அம்பதுதான். இப்ப நிக்கற உசரத்துலேர்ந்து மூணு விரல் கீழ உக்காந்துடும் வண்டி. கேளு, ஒரு தடவை உக்காந்தா அப்புறம் எந்திரிக்காது.

— அப்ப அம்பதே போடுங்க.

— அப்படிப் போடு! என் பட்டறைக்கு வண்டி இறக்க வர்றவன் எல்லாம் மீசை முளைக்காத பசங்க. நீ மீசை நரைச்சவன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்து, எவனோ இடிச்ச வண்டிக்கு எவ்வளவு குறைச்சுக் குடுக்கலாம்னு கணக்குப் பாக்கறவன். உனக்கு எதுக்குய்யா தரையை நக்கற வண்டி?

— ஆசையா இருக்கு.

— ஆசையா இருக்கற மூஞ்சியா இது? பல்லு புடுங்க வந்தவன் மாதிரி நிக்கறே. சரி, ஸ்பேசரும் வேணும்னு சொன்னியே, அது என்னன்னு தெரியுமா?

— சக்கரத்துக்குப் பின்னாடி வைக்கற தட்டு.

— அலுமினியத் தட்டு. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வச்சு முடுக்கினா, சக்கரம் வெளிய தள்ளி நிக்கும். வண்டி காலை அகட்டி வச்சுக்கிட்டு, வாடா பாக்கலாம்னு நிக்கற மாதிரி இருக்கும். வண்டி அப்படி நிக்கும். உள்ள நீ உக்காந்திருப்பே, 'மன்னிக்கணும் சார்'னு ஹாரன் அடிச்சுக்கிட்டு. பாக்கறவன் திருட்டு வண்டின்னு நினைப்பான்.

— நினைச்சா நினைக்கட்டும்.

— ஆபீஸ்ல யாராவது புதுசா சேந்திருக்காங்களா?

— யாரு?

— யாரோ. சிரிச்சா கன்னத்துல குழி விழற யாரோ. சொல்லு சொல்லு, நான் உன் வீட்டுக்காரிகிட்ட சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லுவேன். அவ தங்கச்சிகிட்ட சொல்லிடுவா. நான் சொன்னதா ஆகாது.

— அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.

— தெரியும். உன்னைப் பாத்து எவளும் சிரிக்க மாட்டா. அனுதாபம்தான் படுவா. அதனாலதான் கேக்கறேன். வர்றவன் எல்லாம், 'எது போட்டா அழகா இருக்கும்'னு கேப்பான். நீ 'எது ரொம்ப இறங்கும்'னு கேக்கறே. இது ஆசை வந்தவன் கேக்கற கேள்வி இல்ல.

— ……

— ஆரம்பிச்சுட்டான். இந்தா, இந்த நாற்காலியில உக்காந்து பேசாம இரு. வசதியா இருக்கும்.

— அண்ணே, மாமா வீட்டு மேடு எவ்வளவு சரிவு இருக்கும்?

— எந்த மேடு? ரோட்டுலேர்ந்து நம்ம மாமனார் கேட்டுக்கு ஏறுமே, அதுவா?

— ம்.

— உனக்கு எதுக்கு அது?

— சும்மா கேட்டேன்.

— ஏய்! அந்த வார்த்தையை என் பட்டறையில பேசாதே. அது அவரோட வார்த்தை. கேட்டாலே எனக்கு எந்திரிச்சு ஓடத் தோணுது. இரு... இரு இரு. மேடு. அம்பது. எது ரொம்ப இறங்கும். அடப்பாவி!

— மெதுவாண்ணே.

— வண்டி அந்த மேட்டுல ஏறக் கூடாது. அதானே?

— முப்பது போட்டா ஏறிடும். நாப்பதுல உரசிக்கிட்டே ஏறிடும். அம்பதுல முன் சக்கரம் உச்சியைத் தாண்டினதும் வயிறு மாட்டிக்கும். ஏறாது.

— கணக்கு வேற போட்டிருக்கான்! எப்படிய்யா அளந்தே? அவர் கண்ணு முன்னாடி டேப்பை வச்சா?

— மூணு வாரம் முன்னாடி. சாவி கீழ விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டு.

— நீ நாலு கால்ல தவழ்ந்தியே, அதுக்குத்தானா? எனக்கு நிஜமாவே பாவமா இருந்துச்சுய்யா. டார்ச் எடுத்துக்கிட்டு வந்து நானும் தேடினேன். அவர் ஜன்னல்ல நின்னு என்ன சொன்னார் தெரியுமா? 'சின்ன மாப்பிள்ளை இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கார். நடக்க இன்னும் நாளாகும்.'

— காதுல விழுந்துச்சு.

— விழுந்தும் அளந்துக்கிட்டே இருந்தியா?

— அதுக்கப்புறம்தான் ரெண்டாவது தடவை சரிபாத்தேன்.

— பேசாதவனுக்குள்ள இவ்வளவு விஷமா! சரி, ஒரு சந்தேகம். வண்டி ஏறலன்னா கீழ நிறுத்திட்டு நடந்து ஏறேன்னு உன் வீட்டுக்காரி சொல்லுவாளே?

— கீழ எங்க நிறுத்தறது? பஸ் போற ரோடு. ஆளில்லாம நிறுத்தினா தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஆள் இருந்து, பஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்திக்கிட்டே இருக்கணும். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

— அதனால அவ மேல போவா. நீ கீழ வண்டிக்குள்ள உக்காந்திருப்பே. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். ஞாயித்துக்கிழமை முழுக்க.

— ஆமா.

— வெயில்ல.

— ஜன்னலை ஏத்திட்டு ஏசி போட்டுக்குவேன்.

— அதுல என்னய்யா சுகம் உனக்கு?

— யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— அவ்வளவுதானா!

— ஏண்ணே இப்படிப் பாக்கறீங்க?

— பொறாமையா இருக்கு. அதான்.

— உங்களுக்கு என்ன? உங்களைத்தான் அவருக்குப் பிடிக்குமே.

— யாரு சொன்னா? போன வாரம் என் கையைப் பாத்துட்டு என்ன சொன்னார்? 'பெரிய மாப்பிள்ளை, உங்க நகத்துல இருக்கற கிரீஸை வழிச்சா ஒரு வண்டி ஓடும்போல, சும்மா சொன்னேன்.' அந்தக் கையோடதான் அங்க சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் என் நகத்தை நானே பாத்துக்கிட்டு.

— நீங்க சிரிச்சீங்களே.

— நான் சிரிக்கறது சத்தம் வர்றதுக்காக. உள்ள என்ன ஓடுதுன்னு அவருக்குக் கேட்டுடக் கூடாதுல்ல?

— எனக்கு அது வரல. சிரிப்பு.

— வராதுதான். உனக்கு அந்த மூணு நாற்காலியில நடு நாற்காலி வேற. அவருக்குக் கைப்பிடி வச்சது, நமக்கு பிளாஸ்டிக். எதிர்ல டிவி ஓடும், சத்தம் இருக்காது. கேட்டா, 'அவங்க சொல்றது எல்லாம் பொய், வாயை மட்டும் பாருங்க, போதும்'பார். அக்காவும் தங்கச்சியும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. அப்படி என்னதான் சிரிப்பாங்களோ.

— அத்தை இருந்த ரூம் அது. அவங்களுக்கு அங்க போனாதான் வாரம் முடியும்.

— நமக்கு அங்க போனா ஆயுசு முடியும். அத்தை போனதும் ரெண்டு பேரும் சேந்து சட்டம் போட்டாங்க பாரு, 'அப்பா தனியா இருக்கக் கூடாது, ஞாயிறு தவறாம எல்லாரும் போகணும்'னு. அன்னைக்கே நாம வாயைத் திறந்திருக்கணும். நான் உன்னைப் பாத்தேன். நீ சுவத்தைப் பாத்தே.

— நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.

— நான் ஏன் சொல்றேன்? நீதான் படிச்சவன். சரி, இப்ப சொல்லேன். உன் வீட்டுக்காரிகிட்ட, 'எனக்கு உங்கப்பா வீட்டுக்கு வரப் பிடிக்கல'ன்னு சொல்லு. அஞ்சே வார்த்தை. ஸ்பிரிங்கைவிட சல்லிசா முடிஞ்சுடும்.

— சொல்லிப் பாத்திருக்கேன். கண்ணாடி முன்னாடி நின்னு.

— கண்ணாடி என்ன சொல்லிச்சு?

— அதுவும் பேசாமதான் நின்னுச்சு. வேணாம்ணே. என்னால சொல்ல முடியாததை வண்டி சொல்லட்டும். 'நான் வரமாட்டேங்கறேனா? வண்டி ஏற மாட்டேங்குது.' அவ்வளவுதான்.

— அப்ப ஸ்பேசர் வேஷமா?

— வெறும் ஸ்பிரிங் மட்டும் மாத்தினா எதுக்குன்னு யோசிப்பா. ஸ்பேசரும் சேத்துப் போட்டா, வயசான காலத்துல கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு விட்டுடுவா.

— நீ கிறுக்கன்னு பேர் வாங்கிக்கறதுக்குத் தயாரா இருக்கே. ஆனா மாமனாரைப் பிடிக்கலன்னு பேர் வாங்கத் தைரியம் இல்ல.

— கிறுக்கனோட குடும்பம் நடத்தலாம்ணே. மத்தது கஷ்டம்.

— அது சரிதான். அவகிட்ட வண்டியை இறக்கறேன்னு சொல்லிட்டியா?

— சொன்னேன். சந்தோஷப்பட்டா. 'உங்களுக்கும் ஒரு ஆசைன்னு வந்துதே'ன்னா. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

— வரக் கூடாது. வந்தா நீ மனுஷனே இல்ல. ஆனா கேளு, நான் ஒண்ணு கேக்கறேன். நீ கீழ ஏசியில உக்காந்துட்டா, மேல நான் ஒருத்தன். இப்ப அவர் குத்தறதுல பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ போயிட்டா மொத்தமும் யாருக்கு?

— அதை யோசிக்கல.

— யோசிக்க மாட்டே. மேடு எத்தனை சரிவு, வயிறு எங்க மாட்டும், பஸ் எப்ப வரும், எல்லாம் யோசிச்சிருக்கே. சகலை ஒருத்தன் இருக்கான்னு மட்டும் யோசிக்கல. அந்த ஆளு முன்னாடி என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு, ஸ்பிரிங் மாட்ட என்கிட்டயே வந்திருக்கே. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

— வேற பட்டறையில கொடுத்தா சரியா மாட்ட மாட்டாங்கண்ணே.

— இதுக்கு மட்டும் நான் வேணும்! போய்யா. நான் மாட்ட மாட்டேன். முப்பதைப் போட்டு அனுப்பறேன். அழகா இருக்கும். ஞாயித்துக்கிழமை என்கூட மேல வந்து உக்காரு.

— அண்ணே, பையன் பேச ஆரம்பிச்சுட்டான்.

— எந்தப் பையன்? உன் பையனா? அவன்தான் பொறந்ததுலேர்ந்து பேசறானே. உனக்கும் சேத்து.

— அப்படி இல்ல. போன மாசம் மாமா அவன்கிட்ட கேட்டார். 'உங்கப்பாவுக்குப் பேச வருமா, இல்ல டாக்டர்கிட்ட காட்டணுமா, சும்மா கேட்டேன்.' அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

— பசங்க எல்லாத்துக்கும்தான் சிரிப்பாங்க.

— வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு, நான் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டிருக்கேன். பக்கத்துல வந்து நின்னு கேக்கறான், 'அப்பா, உங்களுக்கு ஃபிரெண்டுன்னு ஒருத்தர்கூட கிடையாதா? சும்மா கேட்டேன்.'

— அவனுமா!

— அதே ராகம்ணே. தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு. அதே மாதிரி.

— நீ என்ன சொன்னே?

— பாலிஷ் போட்டேன்.

— அவன் மட்டும் மேல போயிடுவானே? நீ கீழ உக்காந்து என்ன பிரயோஜனம்?

— போக மாட்டான். அவனுக்கு வண்டின்னா உயிர். தாழ்ந்த வண்டி போனா வாயைப் பொளந்துக்கிட்டுப் பாப்பான். சக்கரம் வெளிய தள்ளி நின்னா, இவன் வண்டியை விட்டு இறங்கவே மாட்டான். என்கூட கீழயே இருப்பான். ஸ்பேசர் அதுக்கும்தான்.

— அதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இவ்வளவு நேரம் வேஷம் கீஷம்னு என்னைப் பேசவிட்டு வேடிக்கை பாத்தியா?

— நீங்க பேசவிட்டாதானே.

— அப்படிப் போடு. இப்ப பேசறான். சரி, இந்தப் பக்கம் வா. கேளு. அம்பது இறக்கினா பழைய ஷாக் அப்சார்பரோட ஓட்ட முடியாது, தவளை மாதிரி துள்ளும். ஷாக்கும் கட்டையா மாத்தணும். ஸ்பேசர் இருபது வேணும்னு கையைக் காட்டாதே. இருபது போட்டு, பின்னாடி ரெண்டு பேர் உக்காந்தா, டயர் மட்கார்டுல உரசும். பின்னாடி பதினஞ்சு, முன்னாடி பத்து.

— பதினஞ்சு போட்டா வெளிய தெரியுமா?

— பையனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அது போதும். நடு ஓட்டை அச்சுல கச்சிதமா உக்கார்ற தட்டாப் பாத்துப் போடறேன். கண்டதை வச்சா ஸ்டீயரிங் நடுங்கும். போல்ட்டு எல்லாம் நீளமா மாத்தணும். பழைய போல்ட்டுலயே முடுக்கிடுங்கன்னு யாராவது சொன்னா, அவனை நம்பாதே. நாலு சுத்துதான் பிடிச்சிருக்கும். ஒரு நாள் உன் சக்கரம் உன்னை முந்திக்கிட்டுப் போகும்.

— நீங்க சொல்றபடி செய்யுங்கண்ணே.

— உன்மேல பாசம்னு நினைச்சுக்காதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, ரெண்டு ஞாயித்துக்கிழமையும் எனக்குத்தான்.

— எது ரெண்டு?

— அவர் வீட்டுல ஒண்ணு, உன் வீட்டுல துக்கம் விசாரிக்க ஒண்ணு. ஆமா, வீட்டு பேஸ்மென்ட்ல இறங்குமா? ஆபீஸ் வாசல் வேகத்தடை?

— ரெண்டும் பாத்துட்டேன். பேஸ்மென்ட் நீளமான சரிவு, தட்டாது. வேகத்தடையில கோணலா ஏத்தினா போயிடும்.

— ஊருல இருக்கற மேடு எல்லாம் ஏறணும். ஒரே ஒரு மேடு மட்டும் ஏறக் கூடாது. இப்படி ஒரு வேலை என் கைக்கு வந்ததே இல்ல. இதுக்கு ஒரு... ஏய். திரும்பாதே.

— என்னாச்சு?

— திரும்பாதேன்னேன். மெதுவா அந்த அம்பதை எடுத்து, தூணோரம் இருக்கற ஸ்டூலுக்குக் கீழ தள்ளு. மாமா வர்றார்.

— எந்த மாமா?

— உலகத்துல நமக்கு எத்தனை மாமா? மேட்டு மாமாதான். தூண்கிட்ட போய் நில்லு... வாங்க மாமா, வாங்க! என்ன இவ்வளவு தூரம்? ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே!

— நீங்க வர்றேன்னு சொல்லி வர்றதுக்குள்ள நான் இங்க குடியே வந்துடலாம் பெரிய மாப்பிள்ளை. இந்தாங்க, கேட்டோட கீல், உடைஞ்சு போச்சு. சாத்த முடியல. ஒரு வெல்டு வச்சுக் குடுங்க. ஆமா, தூணுக்குப் பின்னாடி நிக்கறது சின்ன மாப்பிள்ளையா, இல்ல தூணோட நிழலா? சும்மா கேட்டேன்.

— வாங்க மாமா.

— ரெண்டு வார்த்தை பேசிட்டார். இந்த வாரத்துக்குப் போதும். அலட்டிக்காதீங்க மாப்பிள்ளை, தொண்டை வலிக்கும்.

— உக்காருங்க மாமா, அந்த நாற்காலியில. துணி போடறேன், கிரீஸ் இருக்கும்.

— உங்க இடத்துல கிரீஸ் இல்லாத நாற்காலி எங்க இருக்கு? நான் நின்னுக்கறேன். யாரோட வண்டி இது லிஃப்ட்டு மேல? சின்ன மாப்பிள்ளையோடதா? ஸ்பிரிங் மாத்தறீங்களோ? நல்லது. அவருக்கும் ஒண்ணு வச்சு விடுங்க. கொஞ்சம் துள்ளட்டும்.

— ஹ ஹ ஹா! சும்மா ஒரு அழகுக்காக மாமா. கொஞ்சூண்டு இறக்கறோம்.

— எவ்வளவு?

— முப்பது மாமா. முப்பது மில்லி. ஒண்ணுமே தெரியாது.

— ஸ்டூலுக்குக் கீழ இருக்கறது?

— அது வேற ஒருத்தருக்கு மாமா.

— அந்த வேற ஒருத்தர் ஏன் அதைக் காலால மறைச்சுக்கிட்டு நிக்கறார்? குடுங்க இப்படி, பாக்கலாம். அம்பது. ஒரு காலத்துல ஊருக்கு ரோடு போட்டவன் நான். எங்க மேடு இருக்கும், எந்த வண்டி ஏறும்னு பாத்துப் பாத்துக் கொட்டினவன். இந்த வண்டியோட வயிறு இப்ப ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இதுல மூணு விரலைக் கழிச்சா, என் வீட்டு மேட்டு உச்சியில மாட்டிக்குமே?

— மாட்டாது மாமா. மெதுவா ஏத்தினா...

— அது நான் போட்ட மேடு பெரிய மாப்பிள்ளை. கல்லு பொறுக்கிப் போட்டு, மட்டம் பாத்து. அதுல எது ஏறும்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க.

— இல்ல மாமா, ஸ்டைலுக்காக, இப்ப எல்லாரும்...

— நான் உங்களைக் கேக்கல. சின்ன மாப்பிள்ளை, தெரிஞ்சுதான் செய்யறீங்களா?

— அவருக்கு வண்டியைப் பத்தி அவ்வளவா தெரியாது மாமா. நான்தான்...

— பெரிய மாப்பிள்ளை, போய் வெல்டு வைங்க. சின்ன மாப்பிள்ளை, தெரிஞ்சுதானா?

— தெரிஞ்சுதான்.

— என்ன சொன்னீங்க?

— தெரிஞ்சுதான் மாமா. அளந்து பாத்துதான்.

— பரவால்ல. இந்தக் குடும்பத்துக்கு வந்ததுலேர்ந்து நீங்க என்கிட்ட முழுசாச் சொன்ன விஷயம் இது ஒண்ணுதான். இதைச் சொல்றதுக்கு இவ்வளவு இரும்பு தேவைப்பட்டுதா?

— மாமா, அவன் அப்படி நினைச்சு...

— வெல்டு! நீங்க இன்னும் போகலையா? உங்க சிரிப்பைக்கூட நான் தாங்கிக்கறேன். இவரோட மௌனம்தான் தாங்க முடியல. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா சின்ன மாப்பிள்ளை? புதன்கிழமையே, ஞாயிறு வந்துடுமேன்னு எனக்குப் பயம் வந்துடும். ஞாயித்துக்கிழமை நீங்க வருவீங்க, உக்காருவீங்க, பரீட்சை பேப்பர் திருத்தற வாத்தியார் மாதிரி என்னைப் பாத்துக்கிட்டே இருப்பீங்க. நான் என்ன பேசறது?

— நான் அப்படியா பாக்கறேன்?

— கண்ணாடியில பாருங்க. ஏதாவது பேசணுமேன்னு உங்க தொப்பையைப் பத்திப் பேசறேன். அடுத்த வாரம் சம்பளம். அதுக்கடுத்த வாரம் நீங்க கொண்டு வர்ற புஸ்தகம். வாயிலேர்ந்து வரும்போது அது வேற மாதிரி வந்துடுது. என் பொண்டாட்டி இருந்த வரைக்கும், 'விடுங்க, அவர் விளையாட்டுக்குச் சொல்றார்'னு பூசி மெழுகிடுவா. இப்ப பூச ஆளில்ல. சொன்னது சொன்னபடி அப்படியே அறையில நிக்குது. இனிமே பேசறதுக்கு உங்ககிட்ட ஒரு உறுப்பும் பாக்கி இல்ல மாப்பிள்ளை.

— அப்ப, வர வேணாம்னு சொல்லியிருக்கலாமே மாமா?

— யார்கிட்ட? என் பொண்ணுங்ககிட்டயா? நீங்க சொன்னீங்களா?

— இல்ல.

— பெரியவர் சொன்னாரா?

— எனக்கு எதுக்கு மாமா வம்பு? நான் வெல்டு வைக்கறேன்.

— அப்புறம்? நான் மட்டும் சொல்லணுமா? 'அப்பா தனியா இருக்கக் கூடாது'ன்னு அதுங்க வருதுங்க. வந்து அம்மா ரூம்ல உக்காந்துக்குதுங்க. நான் தனியாதான் இருக்கேன், கூட நீங்க ரெண்டு பேரும் வேற. என் கோபம் அது இல்ல. வண்டி மேடு ஏற மாட்டேங்குதுன்னு பொய் சொல்ல நினைச்சீங்களே, அதுவும் இல்ல. நல்ல யோசனைதான், நான் ஓவர்சீயரா இருந்தப்ப இப்படி ஒருத்தன்கூட யோசிக்கல. ஆனா என்னைப் பாக்காம இருக்கறதுக்கு மூணு விரல் ஆழம் குழி தோண்டற அளவுக்கு நான் என்ன செஞ்சுட்டேன்? கேலி பண்ணினேன். அவ்வளவுதானே? கேலி எல்லாரும்தான் பண்றோம். நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு இவ்வளவு நேரம் எனக்கு என்ன பூசையா பண்ணிக்கிட்டிருந்தீங்க?

— கேலி எனக்குப் பழகிடுச்சு மாமா.

— அப்புறம் என்ன?

— ……

— பாருங்க, மறுபடியும். சொல்லுங்க மாப்பிள்ளை. அம்பது மில்லிக்கு ஏத்த காரணம் ஒண்ணு இருக்கணும்ல?

— என் பையன் உங்களை மாதிரியே பேசறான்.

— என்னை மாதிரின்னா? நல்லாதானே பேசறான். அந்த வீட்டுல எனக்குப் பதில் சொல்ற ஆள் அவன் ஒருத்தன்தான்.

— சும்மா கேட்டேன்னு சொல்றான் மாமா.

— யார்கிட்ட?

— என்கிட்ட.

— மாமா, தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு சகலை.

— என்னன்னு கேட்டான்?

— வேணாம் மாமா.

— என்னன்னு கேட்டான் மாப்பிள்ளை?

— எனக்கு ஃபிரெண்டுன்னு ஒருத்தர்கூட கிடையாதான்னு.

— ……

— மாமா, கீலுக்கு வெல்டு வச்சாச்சு. சூடா இருக்கு, இப்ப தொடாதீங்க. மாமா, ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க. என் நகத்தைப் பத்தியாவது சொல்லுங்க.

— பெரிய மாப்பிள்ளை, இதைவிடத் தாழ்வா ஸ்பிரிங் இருக்கா?

— அம்பதுதான் மாமா கடைசி. எதுக்கு?

— சின்ன மாப்பிள்ளை, உங்க வண்டி சிரமப்பட்டு ஏறுதேன்னு போன வாரம்தான் உளியும் சுத்தியுமா நாலு நாள் உக்காந்து அந்த மேட்டு உச்சியைச் சீவி விட்டேன். மாட்டிக்கும்னு முன்ன சொன்னது, நீங்க வாயைத் திறக்கறீங்களான்னு பாக்கத்தான்; இப்ப அம்பது பத்தாது. பையன் கீழயே இருக்கணும்னா இன்னும் இறக்குங்க.